பல்லுக்கு உறுதி

நம் தமிழ்ப் புலவர் பல்லைப் புகழ்வதில் சலித்தாரல்லர். எயிறு என்றும் பல் என்றும் அதனை வழங்கி, முல்லை அரும்பையும் முத்தின் நிரையையும் அதற்கு உவமை கூறினர். எபிரேய மொழியில் எழுந்த உன்னதப்பாட்டோ, மயிர் குறைக்கப்பெற்று நீராடி மேலேறி வரும் ஆட்டு மந்தையைத் தலைவியின் பற்களுக்கு ஒப்பிடுகின்றது. அவ்வுவமையை ஊன்றி நோக்குவார்க்கு மூன்று கருத்துக்கள் புலனாகும். அம்மந்தை நன்கு கழுவப்பட்டது. இணை இணையாய் வருவது. அதனுள் ஒன்றேனும் குறையுடையதன்று. தூய்மை, நிரை, குறைவின்மை என்னும் இம்மூன்றும் பல்லின் அழகுக்கு மட்டுமன்றி அதன் நலத்துக்கும் இலக்கணமாதல் காண்க.

இனி, பல் உண்பதற்கும் நகுவதற்கும் மட்டும் அமைந்த உறுப்பன்று. தொல்காப்பியனார் பிறப்பியலில் எழுத்துப் பிறத்தற்குரிய எட்டு இடங்களுள் பல்லையும் ஒன்றாக எண்ணினார். தகரமும் நகரமும் பல்லின் அடியில் நாநுனி பரந்து பொருந்தப் பிறக்கும். வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும். ‘வந்தனம்’ என்னும் ஒரு சொல்லிலேயே இம்மூன்றும் உள. முன்பல் இழந்த முதியவர் ஒருவர் அச்சொல்லைச் சொல்லப் படும் பாட்டைக் கண்டார்க்கு ஆசிரியர் கூறிய இலக்கணம் ஐயமின்றி விளங்கும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தருவனபோல நாலடியாரும் திருக்குறளும் சொல்லுக்கு உறுதி தரும் என்னும் கருத்தமைந்த பழமொழியை இளமை தொட்டே கேட்டு வருகின்றோம். சொல்லின் உறுதியை ஆண்டுதோறும் பயிலும் மாணவராகிய நாம், அச்சொல் பிறக்கும் இடத்தின் உறுதியை மறந்திருத்தல் தகுமோ? ஆதலின் பல்லையும் ஈறையும் பேணும் நாள்வழக்கங்களைப் பற்றிச் சில கூறுவாம்.

பல்லின் அமைப்பு

குழவிக்கு ஏறத்தாழ ஆறாந் திங்களில் முதற்பல் அரும்பும். மூன்றாண்டு நிரம்புவதற்குள் பாற்பற்கள் 20-ம் தோன்றிவிடும். ஆறாம் ஆண்டு தொடங்கி அவை ஒவ்வொன்றாய் விழ, நிலைப்பற்கள் எழும். ஞானப்பல் நான்கினையும் கூட்டி நிலைப்பற்கள் 32 ஆகும்.

பல்லின் புறத்தே நாம் காணும் வெண்பகுதி எனாமல் எனப்படும். நம் உடம்பிலுள்ள பொருள்களுள் இதுவே மிகக் கடினமானது. இதன் எடையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேலும் கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த கனிப்பொருளே. அதற்கு உள்ளே இருப்பது டென்டீன். அதனினும் உள்ளே நரம்பும் குருதிக்குழாயும் தங்கிய பற்கூழ் உளது. எலும்பு முறிந்தால் கூடுகின்றது. தோல் கிழிந்தால் மூடுகின்றது. எனாமலிலோ உயிரணு இல்லை. ஆதலின் அது குழிந்துவிடின் மீண்டும் வளர்ந்து நிரம்புவதில்லை. இறைவன் நமக்கு இருமுறை பல் அளிக்கின்றான். மூன்றாம் முறை வேண்டுவோர் பல்மருத்துவரிடமே செல்லவேண்டும். அவர் விலையின்றி அளிப்பாரல்லர்.

பல் கெடுவது எதனால்?

பல்லைப் புழு அரிக்கின்றது என்பது பழைய பாபிலோனியர் முதல் நம் பாட்டிமார் வரை பலரும் கொண்ட நம்பிக்கை. நம் நாட்டுப்புறங்களில் கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு, அதன் புகையை வாயில் ஏற்றுப் புழுவை வீழ்த்துவர். ‘பூச்சிப்பல்’ என்னும் வழக்கும் அந்நம்பிக்கையின் எச்சமே. பிரான்சு நாட்டுப் பல்மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட பெருநூலில் இப்புழுக் கொள்கையை மறுத்தார். அவர்க்கு முன்னரே, 1683-ல், ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் என்பார் தம் பல்லிடை எடுத்த வெண்மாசினைத் தாமே செய்த உருப்பெருக்கியால் நோக்கி, அதனுள் எண்ணிறந்த சிற்றுயிர்கள் இயங்கக் கண்டு, இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். புழு இல்லை, ஆயினும் உயிர் உண்டு என்பது அதனால் வெளியாயிற்று. அச்சிற்றுயிர் செய்யும் வேலை யாதென விளக்கியவர், பெர்லினில் ஆராய்ந்த அமெரிக்கராகிய மில்லர். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலம் பிறப்பிக்கின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் அவர் 1890-ல் நூலெழுதினார். மாலையில் அரைத்து வைத்த தோசைமாவு விடியுமுன் புளித்துப் பொங்குவதை நம் வீட்டு அடுக்களையில் நாடோறும் காண்கின்றோம். அத்தகையதொரு புளிப்பே கழுவாத வாயிலும் நிகழ்கின்றது.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் 1944-ல் வெளியிட்ட கட்டுரையில் இப்புளிப்பின் போக்கை அளந்து காட்டினார். சர்க்கரை நீரால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள் பல்லின்மேற் படிந்த மாசு விரைந்து புளிக்கின்றது. முன்னைய நிலைக்கு மீள அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை செல்லும். பி.எச். என்னும் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் கனிப்பொருள் கரையத் தொடங்கும். பின்னர் உமிழ்நீர் புளிப்பை ஆற்றி, இழந்த கனிப்பொருளிற் சிறிது மீளவும் சேர்க்கும். வணிகர் பேரேட்டிற் பற்றும் வரவும் எழுதப்படுதல்போல, பல்லிலும் கரைதலும் சேர்தலும் நாள்தோறும் நிகழ்கின்றன. பற்று மிக்கு வரவு குறைந்தால் பல் குழியும். வரவு ஒத்து நின்றால் பல் நிலைக்கும்.

இதனால் பெறப்படுவது யாது? எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதோடு எத்தனை முறை உண்டோம் என்பதையும் எண்ணவேண்டும். நண்பகல் உணவோடு ஒரு லட்டு உண்பவனுக்குப் பற்று ஒருமுறையே. அதே லட்டினைப் பத்துத் துண்டாக்கிப் பொழுதெல்லாம் வாயிலிடுவானுக்குப் பற்று பத்துமுறை. தேர்வு நெருங்கும் நாளில் மணிக்கொரு முறை சர்க்கரையிட்ட தேநீரும் இடையிடையே கடலை மிட்டாயும் கொண்டு விழித்திருக்கும் விடுதி மாணவர் இக்கணக்கைத் தம் பாடக்கணக்கோடு சேர்த்துப் பார்ப்பாராக. முன் உண்டது செரித்தமை அறிந்து பின் உண்பானுக்கு மருந்து வேண்டாவென்பது திருவள்ளுவர் கருத்து. வயிற்றை நோக்கி அவர் வகுத்த நெறி வாய்க்கும் பொருந்துதல் வியக்கத்தக்கது.

இவ்வுண்மையை உறுதிப்படுத்திய ஆராய்ச்சியொன்று நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவதாகும். சுவீடன் நாட்டு லுண்ட் நகரத்தில் விப்பேஹோல்ம் என்னும் பெயருடைய விடுதி ஒன்று இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியோர் அங்கு வைத்துக் காக்கப்பட்டனர். 1945-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், அவ்விடுதியில் உறைந்தோர்க்குச் சர்க்கரையைப் பல வகையில் அளித்து அவர் பற்களைச் சோதித்தனர். உணவோடு சர்க்கரை பெற்றோர்க்குச் சொத்தை சிறிதே மிகுந்தது. உணவுகளுக்கு இடையே பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபி பெற்றோர்க்கோ மிகப் பெரிதும் மிகுந்தது. டாஃபியை நிறுத்திய பின்னர்ப் புதிய சொத்தை குறைந்தது. 1954-ல் இம்முடிவுகள் வெளிவந்தன. அம்மக்கள் உடன்படவோ மறுக்கவோ இயலாதார். தமக்கு நிகழ்வது இன்னதென்றும் அறியாதார். எளியார் வாயில் நோயை விளைத்துப் பெற்ற அறிவு இது. செய்தது அறமன்று, ஆயினும் அறிந்தது பொய்யன்று. அவர் இழந்த பற்களின் விலையாக வந்த இவ்வறிவை நாம் பொருட்படுத்தாது விடுவோமாயின், அவர்க்கு இழைக்கப்பட்ட தீங்கோடு மற்றொரு தீங்கையும் கூட்டியவராவோம்.

ஆறாண்டுப் பல்

பாற்பல் விழுந்தால் அதனைச் சாணத்திற் பொதிந்து கூரைமேல் எறிதல் நம் சிறுவர்க்கு ஒரு விளையாட்டு. ‘விழப்போகும் பல்தானே’ என்று பெற்றோரும் அதன் நலத்தைக் கருதுவதில்லை. இதில் இரு தவறுகள் உள. பாற்பல், பின்வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பது. அது காலத்துக்கு முன்னரே கெட்டு வீழின் அண்டைப் பற்கள் சாய்ந்து, பின்வரும் பல் கோணி முளைக்கலாம். மற்றொரு தவறு அதனினும் பெரிது. ஆறாம் ஆண்டளவில் பாற்பல் வரிசைக்கு அப்பால், கடைவாயில், மேலும் கீழும் இரு பக்கத்தும் ஒவ்வொன்றாக நான்கு நிலைப்பற்கள் முளைக்கின்றன. எப்பல்லும் விழாமலே இவை முளைத்தலின், இவற்றையும் பாற்பல்லென்றே பலர் மயங்குவர்.

இம்மயக்கத்தின் பயனை யான் நன்கறிவேன். எனக்கு எட்டு வயது நிகழும்போது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் கரும்புள்ளி தோன்றிற்று. வீட்டார் அதனைப் பாற்பல்லென்று எண்ணி, விழுந்து முளைக்கும் என்றனர். அது விழவில்லை, முளைக்கவுமில்லை. நோவு எழுந்தபோதெல்லாம் கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சினை வைத்தோம். தைலம் நோவை மறைத்ததேயன்றி நோயை நீக்கவில்லை. பதினேழாம் வயதில் கன்னம் வீங்கிப் பல்மருத்துவரிடம் சென்றபோது, பல்லைக் காத்தற்குரிய காலம் கடந்திருந்தது. பிடுங்கிய பல்லைப் பஞ்சின்மேல் வைத்து, ‘அறுபது ஆண்டு உன்னோடு இருக்க வந்த பல், தம்பி’ என்றார் அவர். அச்சொல் இன்றும் என் செவியில் உளது. என் தமக்கையின் மகளுக்கு இவ்வாண்டு அப்பல் முளைத்திருக்கின்றது. கடைவாயை விளக்கொளியிற் காட்டச் சொல்லி, அப்பல்லையும் சேர்த்துத் துலக்குமாறு தமக்கைக்கு உணர்த்தினேன். இக்கட்டுரை வேறொன்றும் பயவாதாயினும், இதனைப் படிப்போர் தம் வீட்டில் ஆறு வயதுச் சிறுவர் உளராயின் அவர் கடைவாயை ஒருமுறை நோக்குவராயின், யான் எழுதியதன் பயன் பெற்றேனாவேன்.

ஈறு

மரத்துக்கு மண் எத்தகையது, பல்லுக்கு ஈறும் அதனடி எலும்பும் அத்தகையன. சொத்தையில்லாத பல்லும் ஈறு கெட்டால் ஆடி வீழும். நாள்தோறும் பல்லும் ஈறும் கூடுமிடத்தில் மெல்லிய மாசு படிகின்றது. துடையாது விட்டால் அது இறுகிக் காரையாகும். காரையைத் துலக்கி நீக்கல் இயலாது. பல்மருத்துவர் கருவி கொண்டே நீக்கவேண்டும்.

1965-ல் டென்மார்க்கு நாட்டு ஆருஸ் நகரத்தில் ஹரால்டு லோ என்பாரும் அவருடைய துணைவரும் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். நல்ல ஈறுடைய 12 பேர், அவருட் பெரும்பாலார் பல்மருத்துவ மாணாக்கர், பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 நாள் முதல் 21 நாளைக்குள் அனைவர்க்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஏறத்தாழ ஒரு கிழமையில் அழற்சி தணிந்தது. ஈறழற்சிக்குக் காரணம் படிந்த மாசே என்பதும், தொடக்கத்தில் அது முற்றும் நீங்கத்தக்கது என்பதும் இதனால் தெளிவாயின.

துலக்கும்போது குருதி கண்டால் பலர் அஞ்சித் துலக்குவதை நிறுத்திவிடுகின்றனர். இது நெருப்பைக் கண்டு நீரை ஒளிப்பது போலாம். குருதி வருதல் பெரும்பாலும் மாசு தங்கியதன் அறிகுறி. மென்மையாகவும் செவ்வையாகவும் துலக்குதலே அதற்கு மருந்து. ஒரு கிழமைக்கு மேலும் குருதி நில்லாதாயின் மருத்துவரை அணுகவேண்டும். நீரிழிவுடையார்க்கு ஈறுநோய் மிக எளிதிற் பற்றும். ஈறுநோய் முற்றினால் நீரிழிவை அடக்கலும் அரிதாம். ஆதலின் அவர் இதிற் பின்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

முன்னோர் வழக்கம்

பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, காலையிற் கோல் மென்று வாய் தூய்மை செய்து, பின்னரே தெய்வம் தொழுமாறு விதிக்கின்றது. பல் துலக்காமுன் பச்சைத் தண்ணீரும் பருகாத வீடுகள் இன்றும் நம்மிடையே பல உள. நாக்கு வழித்தலும் உண்டபின் வாய் கொப்பளித்தலும் நம்மவர் வழிவழியாகப் போற்றிவரும் நல்லொழுக்கங்கள். முன்னது வாய்நாற்றத்தைக் குறைக்கும். பின்னது பல்லிடைத் தங்கிய உணவை அகற்றும். நாக்கு வழித்தலை வன்மையாகச் செய்து புண்படுத்திக்கொள்ளாமை மட்டும் வேண்டும்.

ஆயினும் பழையன யாவும் நல்லன என்று கொள்ளல் ஆகாது. செங்கற்பொடி, உமிக்கரி, சாம்பல் முதலியவற்றால் அழுத்தித் தேய்த்தல், பாத்திரம் விளக்குதல்போல் பல்லுக்குப் பளபளப்புத் தரினும், எனாமலை நாளடைவில் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி அதனினும் தீது. இந்திய அரசாங்கம் 1992-ல் பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்த்தலைத் தடுத்தது. வேப்பங்குச்சி மென்று நுனியை நாராக்கி மெல்லெனத் துலக்குதல் தீதன்று. ஆனால் கடைவாயின் உட்புறத்துக்கும் பல்லிடைக்கும் அது எளிதிற் சென்றெட்டாது.

நம் வழக்கத்தில் உள்ள பெருங்குறை வேறொன்று. காலையிற் பல் துலக்குதலைச் சமயக்கடன் போலப் போற்றும் நாம், இரவில் அதனைக் கருதுவதே இல்லை. உறங்கும்போது உமிழ்நீர் ஊறுதல் மிகக் குறைகின்றது. அதனால் பல்லுக்கு வரவு வைக்கும் கணக்கன் அப்போது கடையடைத்துச் சென்றுவிடுகின்றான். இரவுணவின் மிச்சமோ இரவு முழுதும் புளிப்பதற்கு வாய்க்கின்றது. காலையில் துலக்குதல் நிகழ்ந்த கேட்டின் சுவட்டைத் துடைப்பது. இரவில் துலக்குதல் கேடு நிகழாமற் காப்பது. இரண்டும் வேண்டும்; ஒன்றே இயலுமாயின் இரவினதைக் கைவிடற்க.

நாள்தோறும் செய்யத்தக்கன

1. காலையிலும் இரவு உறங்கப் போகுமுன்னும் பல் துலக்குக. இரவில் துலக்கியபின் தண்ணீர் அன்றி வேறொன்றும் உட்கொள்ளற்க.

2. சிறுதலையும் மென்மயிரும் உடைய பிரஷ் கொள்க. அதனை ஈற்றின் ஓரத்தில் சாய்த்து வைத்துச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வொரு பல்லின் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் புறம் மூன்றையும் துலக்குக. இதற்கு இரண்டு நிமிடமேனும் செல்லும். அழுத்தித் தேய்த்தல் ஈற்றைக் கீழிறக்கும். மயிர் வளைந்த பிரஷை மாற்றுக. மூன்று திங்களுக்கு ஒன்று போதும்.

3. ஃபுளோரைடு சேர்ந்த பற்பசை கொள்க. ஃபுளோரைடு சிற்றளவில் எனாமலுக்கு உறுதி தருவது. 1945-ல் அமெரிக்காவின் கிராண்டு ராப்பிட்ஸ் நகரத்தார் இதனை அளவறிந்து குடிநீரிற் கலந்தனர். அளவு மிகின் அதுவே பல்லிற் பழுப்புக் கறையும் எலும்பில் நோயும் விளைக்கும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது மிக்கிருந்தமையாலன்றோ, காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பெற்றது! ஆகவே மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பற்பசை போதும். விழுங்காமல் உமிழப் பழக்குக. பெரியோரும் துலக்கியபின் நுரையை உமிழ்ந்து, பலமுறை கொப்பளியாது விடின் ஃபுளோரைடு பல்லில் தங்கிப் பயன் தரும்.

4. இரு பற்களின் நடுவே பிரஷ் புகாது. அவ்விடத்தைப் பல்லிடை நூலால் நாளுக்கு ஒருமுறை தூய்மை செய்க. ஊசியும் குண்டூசியும் கொண்டு குத்தற்க.

5. இனிப்பை உணவோடு உண்க. இடையே பசித்தால் நிலக்கடலை, சுண்டல், வெள்ளரி போன்றன நலம். குழந்தையின் வாயில் சர்க்கரைப் பாற்புட்டியை வைத்து உறங்கச் செய்யற்க.

6. நோவு வருமுன் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல்மருத்துவரைக் காண்க. மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை கெடும் என்னும் அச்சத்தால் வாளா இருப்பார் பலர். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

7. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கத்தை மேற்கொள்ளற்க. விருந்தோம்பலுக்கும் மங்கலத்துக்கும் தாம்பூலம் அடையாளமாதலின், இதனைக் கடிந்து கூறப் பலர் கூசுவர். ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. புகையிலை வாய்ப்புற்றுக்கு ஏதுவாதல் யாவரும் அறிந்ததே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைப்பதென, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வெளியிட்டது. பாக்கு மெல்லுவார் சிலர்க்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயைத் திறத்தலும் அரிதாகும். தாம்பூலத் தட்டை விருந்தினர்முன் வைத்தலோடு நிறுத்தி, நாளும் மெல்லும் பழக்கத்தை விடுதல் அறிவுடைமை.

முடிவுரை

மேற்கூறியவற்றுள் அரிய செயல் ஒன்றுமில்லை, பெருஞ்செலவும் இல்லை. நாளில் நான்கைந்து நிமிடமே வேண்டப்படுவது. சிறிதாயிருத்தலினாலேயே இதனைப் புறக்கணிக்கின்றோம். பல்லின் கேடும் அவ்வாறே சிறிது சிறிதாய் வருவது. ஒரு நாள் துலக்காமையால் எப்பல்லும் விழுவதில்லை. விழாமையைக் கண்டு மறுநாளும் துலக்காது விடுகின்றோம். இங்ஙனம் விட்ட நாட்களெல்லாம் திரண்டு ஒரு நாள் கணக்குக் கேட்கும்.

நம் உடல் பரிசுத்த ஆவி தங்கும் ஆலயமென்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையாருக்கு உணர்த்தினார். திருமூலரும் உடம்பினுள் இறைவன் கோயில் கொண்டமையை உணர்ந்து அதனைப் பேணியவர். ஆலயத்தைப் பேணுவோர் அதன் வாயிலைக் குப்பையோடு விட்டுவைப்பரோ? அவ்வாயிலிலிருந்தே துதியும் புறப்படுகின்றது, தமிழும் புறப்படுகின்றது. இன்றிரவு நூலை மூடி விளக்கை அணைக்குமுன், நம்முள் ஒவ்வொருவரும் எழுந்து சென்று ஒருமுறை பல் துலக்கிவிட்டுத் துயில்வோமாக.